1954 தீர்ப்போடு அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினை ஒழிந்துவிட்டதா?

"1954இல் பிரௌன் வழக்கில் தீர்ப்பு வந்த அன்றே அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினை ஒழிந்தது" என்று ஒரு தகவல் பரவுகிறது. கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது உண்மை. ஒழிந்தது என்பது தவறு.

1955இல் வந்த அடுத்த உத்தரவுகூட பிரிவினையை ஒழிக்கக் காலக்கெடு விதிக்கவில்லை. தென் மாநிலங்கள் இழுத்தடித்தன. அதிலும் வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) செய்தது பெரும் கொடுமை. 1951இல் கறுப்பின மாணவர்களே வகுப்பைப் புறக்கணித்துப் போராடிய ஊர் அது. அங்கிருந்து போன வழக்கும் பிரௌன் வழக்கோடு சேர்த்தே விசாரிக்கப்பட்டது. அப்படியிருந்தும், இரு இனப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைக்க மனமில்லாமல், 1959இல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடினார்கள். வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது, அதற்கு அரசுப் பணமும் உதவியாகக் கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்கு நான்கைந்து ஆண்டுப் படிப்பே பறிபோனது. 1964இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்ட பிறகுதான் அரசுப் பள்ளிகள் திறந்தன.