பலகையில் மூன்று மொழி இருந்தது

கொழும்பில் ஒரு கட்டுமானத் தளம். சீனக் கம்பனி ஒன்று கட்டுகிறது, பெயர் வேண்டாம். வாசலில் பெரிய எச்சரிக்கைப் பலகை: சிங்களம், ஆங்கிலம், சீனம். வெயிலுக்கு ஒதுங்கி நின்றபோது காவலுக்கு இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஹட்டன் பக்கத்துத் தமிழர். "இதுல என்னா சார் எழுதியிருக்கு? சிங்களம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது" என்றார். மேலே பாரம் தூக்குகிறார்கள், தலைக்கவசம் இல்லாமல் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று ஆங்கிலத்தைப் பார்த்துச் சொன்னேன். "அப்ப நான் குந்தியிருக்கிற எடமே சரியில்ல போல" என்று சிரித்துக்கொண்டு நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டார்.

2021 மே மாதம் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு திறந்த ஸ்மார்ட் நூலகத்தின் நினைவுக் கல்லிலும் இதே மூன்று மொழிதான். அரசியலமைப்புப்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, ஆனால் அது சட்டத்தைக் காக்கும் திணைக்களத்தின் வாசலிலேயே இல்லை. கூச்சல் எழுந்த பிறகு கல்லை அகற்றினார்கள். பழி முழுவதையும் சீனர் தலையில் கட்ட நான் தயாரில்லை. தமிழை மறப்பதற்கு நம்முடைய திணைக்களங்களுக்கு யாரும் வந்து பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் சனம் திட்டியது என்னவோ சீனரைத்தான்.

வெளிநாட்டில் இத்தனை பணம் போடும் சீனக் கம்பனிகளுக்கு ஏன் இவ்வளவு கெட்ட பெயர் என்று கேட்டால், மேற்கு நாட்டு ஊடகங்களின் வேலை என்று ஒரு பதில் ரெடியாக இருக்கும். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. தெற்கே அம்பாந்தோட்டைத் துறைமுகத்தையே எடுங்கள். கடனைக் கட்ட முடியாமல் சீனாவுக்குத் துறைமுகத்தை எழுதிக் கொடுத்தோம் என்றுதான் உலகம் முழுவதும் நம்புகிறது. 2017இல் கைச்சாத்தான 99 வருடக் குத்தகைக்குச் சைனா மேர்ச்சன்ட்ஸ் கம்பனி கொடுத்த 1.12 பில்லியன் டொலர் நம்முடைய அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குத்தான் வந்தது. துறைமுகம் கட்ட வாங்கிய கடன் அப்படியே பாக்கி நின்றது. இதை அந்தக் கம்பனி ஊர்ச் சனத்துக்கு விளங்கும்படி சொல்லி நான் கேட்டதில்லை. 2017 ஜனவரியில் பிக்குகளும் ஊராரும் காணி போகிறது என்று வீதிக்கு இறங்கியபோது, உள்ளே கைத்தொழில் வலயத்துக்கான திறப்பு விழா நடந்துகொண்டிருந்தது. விழாவில் இருந்தவர்களுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. வெளியில் நின்றவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த வரையில் கோளாறு இங்கேதான். சீனக் கம்பனிகளுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. அமைச்சரோடு நன்றாகவே பேசுகிறார்கள். அமைச்சர் தலையாட்டினால் நாடே தலையாட்டிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். கொழும்புத் துறைமுக நகரத்தை 2014 செப்டம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கே வந்து தொடக்கி வைத்தார். 1.4 பில்லியன் டொலர், கடலை நிரப்பி 269 ஹெக்டேயர். நான்கு மாதத்தில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச தேர்தலில் தோற்றார், மார்ச்சில் வேலை நின்றது. மீண்டும் தொடங்க அடுத்த வருடம் ஆனது. கம்பனிக்குச் சொந்தமாகவே போவதாக இருந்த 20 ஹெக்டேயரும் குத்தகைக் காணியாக மாறியது. மண் தோண்டுவதால் மீன் போகிறது என்று நீர்கொழும்பு மீனவர் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் கம்பனிக்காகக் கதைக்க அரண்மனைக்கு வெளியிலும் நாலு பேர் இருந்திருப்பார்கள்.

மியன்மாரிலும் இதுதான் கதை. மிட்சோன் அணை 3.6 பில்லியன் டொலர்த் திட்டம், மின்சாரத்தில் பெரும் பங்கு சீனாவுக்கு. பேரம் பேசியது இராணுவ ஆட்சியோடு. ஐராவதி ஆறு பிறக்கும் அந்தச் சங்கமத்தைப் புனிதமாக நினைக்கும் கச்சின் மக்களிடம் யார் கேட்டது? 2011 செப்டம்பர் 30ஆம் திகதி, மக்கள் விரும்பவில்லை என்று சொல்லி ஜனாதிபதி தெய்ன் செய்ன் வேலையை நிறுத்திவிட்டார்.

இரண்டாவது கோளாறு, கம்பனிக்குப் பதிலாகத் தூதரகம் வாய் திறப்பது. 2021இல் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பல் ஞாபகம் இருக்கும். சிங்தாவோ சீவின் கம்பனியின் மாதிரிகளில் கெட்ட பக்டீரியா இருப்பதாக நம்முடைய தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை சொன்னது. நீதிமன்றம் பணம் கொடுக்கத் தடை போட்டது, எல்.சி. (பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறந்த மக்கள் வங்கியும் கொடுக்கவில்லை. சாதாரண வியாபாரத் தகராறு. ஆய்வை இன்னொரு இடத்தில் செய்யலாம், வழக்குப் பேசலாம். நடந்தது என்ன? 2021 ஒக்டோபர் கடைசியில் சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டதாக டுவிட்டரில் அறிவித்தது. கம்பனி தன் பெயர் கெட்டதற்கு 8 மில்லியன் டொலர் நட்டஈடு கேட்டது. 20,000 தொன் பசளையோடு ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் கடலில் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் 6.7 மில்லியன் டொலரை நாம் கொடுத்தோம். பணம் அவர்களுக்கு வந்துவிட்டது, சரி. ஆனால் அந்தக் கம்பனியின் பசளையை இனி எந்த விவசாயி நம்பித் தொடுவான்? வயலில் நிற்பவனுக்கு அது பசளைக் கம்பனியாகவே தெரியவில்லை, வங்கியை மிரட்டுகிற அரசாங்கமாகத்தான் தெரிந்தது.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின் திட்டமும் அப்படியே. சூரிய ஒளி, காற்று, டீசல் மூன்றும் சேர்ந்த திட்டம், சீனக் கம்பனிக்குக் கிடைத்திருந்தது. இந்தியா முகம் சுளித்தது, வேலை நின்றது. அதைச் சொன்னதும் தூதரகம்தான்: மூன்றாம் தரப்பின் 'பாதுகாப்புக் கரிசனை', ஆகவே கம்பனி மாலைதீவில் 12 தீவுகளுக்குப் போகிறது என்று குத்தலாக ஒரு டுவிட். தீவில் இருக்கும் சனத்துக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வாரம் கழித்துச் சீனத் தூதுவர் வேட்டி கட்டி, மேலாடை இல்லாமல் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலில் கும்பிட்டார். படம் அழகாகத்தான் வந்தது. ஆனால் அதே நாட்களில் வடக்கில் மீனவர் சங்கங்கள் கடலட்டைப் பண்ணைகளை எதிர்த்துக்கொண்டிருந்தன. கரையில் பண்ணை போட்டது உள்ளூர்ப் பெடியனா, சீனனா என்று யாரும் விசாரிப்பதில்லை. கடலில் நாலு தடி நட்டிருந்தால் "சீனாக்காரன் வந்துட்டான்" என்பார்கள். யாழ்ப்பாணத்து அரியாலையில் உண்மையாகவே ஒரு சீனக் கடலட்டைக் குஞ்சு பொரிப்பகம் இருப்பதால் வதந்திக்கு வேரும் கிடைத்துவிடுகிறது.

பிறகு அந்த மூன்று தீவுத் திட்டத்தை இந்தியா நன்கொடையாக எடுத்துக்கொண்டது. அவர்களாவது குறிகட்டுவான் துறையில் தீவுப் படகுக்கு நிற்கும் சனத்திடம் ஏதும் கேட்டார்களா என்று என்னைக் கேட்காதீர்கள், அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

போன மாதம் அந்தக் கட்டுமானத் தளத்தைத் தாண்டிப் போனேன். புதுப் பலகை, நாலு மொழி. தமிழில் 'தலைக்கவசம் அனியவும்' என்று இருந்தது. ஹட்டன்காரர் இல்லை, வேறொரு ஆள். நாற்காலி மட்டும் பழையபடி கோட்டுக்கு உள்ளே கிடந்தது. படம் எடுத்திருக்கிறேன், கமெண்டில் போடுகிறேன்.