அந்தச் சந்தோஷங்களை மறைக்க எனக்கு மனமில்லை

கொரோனா ஊரடங்கு காலத்திலும் எங்கள் வீட்டில் சந்தோஷமான நேரங்கள் இருந்தன என்று சொன்னால் சிலருக்கு முகம் மாறிவிடுகிறது. வேலை போனவர்கள், கைக்குழந்தையோடு நடந்தே ஊர் திரும்பியவர்கள், கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக்கூட முடியாமல் சொந்தங்களை அனுப்பிவைத்தவர்கள் என்று எத்தனை பேர்! அவர்களுடைய கோபம் நியாயமானதுதான். ஆனாலும் அந்தச் சின்னச் சந்தோஷங்களை வெளியே சொல்லாமல் விட்டால், அவற்றை நமக்குக் கொடுத்த மனிதர்களையும் சேர்த்து மறந்துபோவோம்.

நான் மதுரைக்காரி. சித்திரை பிறந்தால் எங்கள் ஊருக்கு மீனாட்சி கல்யாணம்தான் பேச்சு. மாசி வீதிகளில் கால்வைக்க இடமிருக்காது. சேதுபதி பள்ளியில் விருந்து சாப்பிட்டு, சொந்தவீட்டுக் கல்யாணம் போல மொய் எழுதிவிட்டு வருவோம். 2020-ல் திருவிழாவே ரத்து. அழகரும் ஆற்றில் இறங்கவில்லை. திருக்கல்யாணம் மட்டும் மே 4-ம் தேதி காலை கோயிலுக்குள்ளேயே, சில சிவாச்சாரியார்கள் மட்டும் இருக்க நடந்தது. ஊரே செல்போனில் நேரலை பார்த்தது.

அம்மா விடியற்காலையில் தலைக்குக் குளித்துப் பட்டுப்புடவை கட்டி, போனைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மனுக்குத் தாலி கட்டும்போது பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம். கயிறு விற்கும் கடை எங்கே திறந்திருந்தது? எதிர்வீட்டு அக்காதான் வெள்ளை நூலை முறுக்கி, மஞ்சளில் நனைத்து, மாடியில் காயவைத்து, தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் முதல்நாளே கொடுத்தார். வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிடுவார், நாங்கள் போய் எடுத்துக்கொள்வோம். மறுநாள் நேரம் வந்ததும் எங்கள் தெருவில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் குலவைச் சத்தம்! அத்தனை வருஷம் கூட்டத்தில் நெரிபட்டுப் பார்த்த கல்யாணங்களில் எதுவும் எனக்கு இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. அம்மா அழுதார். நானும்தான்.

அந்த நாட்களில் ‘நன்றியோடு இருங்கள், மனசு லேசாகும்’ என்று நிறையப் பேர் எழுதினார்கள். சரிதான். ஆனால் நன்றி யாருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். நாங்கள் கத்தரிக்காய் வத்தல் போட்டோம் என்றால், தள்ளுவண்டியில் கத்தரிக்காய் கொண்டுவந்த அண்ணன் ஒருவர் இருந்தார். ஏப்ரல் 26-லிருந்து 29 வரை மதுரையில் முழு ஊரடங்கு. அது முடிந்ததும் எங்கள் தெருவில் முதலில் கேட்டது அவர் குரல்தான். காலையில் காபி குடித்தபடி குயில் கூவுவதைக் கேட்டோம் என்றால், அதற்கு முன்பே யாரோ பால் பாக்கெட் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அப்புறம் தூய்மைப் பணியாளர்கள். நாம் கதவைத் திறக்கவே பயந்த நாட்களில், நாம் கழற்றிப்போட்ட முகக்கவசங்களையும் சேர்த்து அள்ளியவர்கள். அப்போது பல ஊர்களில் மாலை போட்டார்கள், காலைக் கழுவி மரியாதை செய்தார்கள், பூத்தூவினார்கள். அந்த அன்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை முன்னால், குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதீர்கள் என்று அதே தொழிலாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். கொரோனாவில் எங்களைத் தெய்வம் என்றீர்களே என்று அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

எங்கள் தெருவுக்கு வரும் அக்காவுக்கும் ஒப்பந்த வேலைதான். சித்திரையில் கல்யாணச் சாப்பாடு முடிந்து எச்சில் இலை எடுப்பதும் அவரைப் போன்றவர்கள்தான். நிரந்தர வேலையும் சரியான சம்பளமும் அவர்கள் கேட்கும்போது, ‘போக்குவரத்துக்கு இடைஞ்சல்’ என்று எழுதாமல் அவர்கள் பக்கம் நில்லுங்கள். உங்கள் தெருவுக்கு வருகிறவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று நாளைக் காலையில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.