கட்டை விரலா வண்டி ஓட்டப் போகிறது?

“போகப் போக உடம்பு செட்டாயிடும் சார்.”

சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார் என் பைக்குக்கு சீட் தைத்துக் கொடுத்த கடைக்காரப் புண்ணியவான். சீட் செட்டாகாதாம், உடம்புதான் செட்டாக வேண்டுமாம். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், நேராக உட்கார முடிந்தால் இதைவிட நாகரிகமாக எழுதியிருப்பேன். மதுரையிலிருந்து சென்னை, சுமார் 460 கிலோமீட்டர், புது சீட். முன்பணம் கட்டி, காத்திருந்து, “லாங் ரைடுக்குன்னே ஸ்பெஷல் சார்” என்று ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டு மாட்டிய சீட்!

வண்டியோடு வந்த சீட்டைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். எந்த வண்டியின் விளம்பரத் தாளை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். இன்ஜினுக்கு எண், டார்க் என்கிற முறுக்குவிசைக்கு எண், டயருக்கு எண். சீட்டுக்கு மட்டும் ஒரே ஒரு எண், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று. 800 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 800 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மனிதன் எத்தனை மணி நேரம் மனிதனாக இருக்க முடியும் என்பதற்கு எண்ணே கிடையாது. அதனால்தானே எல்லாரும் வெளியே போய் சீட் மாற்றுகிறோம்.

சென்னை ஜி.பி. ரோடு, வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த தெரு. வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி உயிர் போய்விடும், அதை விடுங்கள். கடைக்குள் ஒரு பலகை மேல் ஃபோம் துண்டுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். மஞ்சள், வெள்ளை, கறுப்பு, அப்புறம் பல நிறத் துணுக்குகளை ஒட்டி அழுத்திய ரீபாண்டட் என்று ஒன்று. கடைக்காரர் மஞ்சளை எடுத்துக் கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். “பாருங்க சார், எப்படி திரும்பி வருது பாருங்க.” வந்தது. “நீங்க அமுக்கிப் பாருங்க.” நானும் அமுக்கினேன். பக்கத்தில் வேறு வேலையாக வந்திருந்த ஒருவர், கேட்காமலே வந்து, அவரும் அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். இந்த ஊரில் சீட் வியாபாரம் மொத்தமும் கட்டை விரலில்தான் நடக்கிறது. ஏன் சார், கட்டை விரலா வண்டி ஓட்டப் போகிறது?

“இது 40 டென்சிட்டி சார்.”

“40 என்ன?”

“40 டென்சிட்டி சார்.”

ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை இருக்கும் என்பதுதான் அந்த 40. அது எடைக் கணக்கு. ஓரளவுக்கு எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்லும், அவ்வளவுதான். உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்கும் என்பது முற்றிலும் வேறு கணக்கு. அடர்த்தி கூடிய ஃபோம் மெத்தென்றும் இருக்கலாம், அடர்த்தி குறைந்தது கட்டையாகவும் இருக்கலாம். இதை நான் சொல்ல வாயெடுத்ததும் அவர் பாவமாகப் பார்த்து, “சார், 40ன்னா ஹார்டு, 32ன்னா சாஃப்ட், அவ்ளோதான்” என்று எனக்குப் பாடம் முடித்து அனுப்பிவிட்டார்.

அடுத்தது நாசா. “இது மெமரி ஃபோம் சார், நாசாவுல கண்டுபுடிச்சது.” உண்மைதான், 1966-ல் நாசாவுக்காக விமான இருக்கை மெத்தைக்கென்று உருவானதுதான். விமானத்துக்குள் ஏசி உண்டு ஐயா! மெமரி ஃபோம் சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும், அதுதான் அதன் குணமே. ஏப்ரல் மாதம் மத்தியானம் வேலூர் பக்கம் வெயிலில் நிறுத்திய வண்டியில் அது என்னத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்? பேர் தெரியாத கூழாகிப் பிளாஸ்டிக் அடித்தளம் வரைக்கும் நம்மை இறக்கிவிடும்.

“உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய்ப் பார்க்க முடியுமா?” என்று கேட்டேன். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை போல. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் ஃபோமை வைத்து, “உக்காருங்க சார்” என்றார். உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு எதில் உட்கார்ந்தாலும் சுகமாகத்தான் இருக்கும், கோயில் திண்ணையில் உட்கார்ந்தாலும் இருக்கும். சோதனை ஆரம்பிப்பதே ஒரு மணி நேரம் கழித்துத்தான். நமக்குப் பின்பக்கத்தில் அடியில் இரண்டு எலும்பு இருக்கிறது, உடம்பு பாரம் அதன்மேல் இறங்க வேண்டும். ஃபோம் ரொம்ப மெத்தென்று இருந்தால் அந்த எலும்புகள் உள்ளே புதைந்து, சுற்றியிருக்கும் சதையும் வால் எலும்பும் பாரத்தை வாங்கும், ரத்த ஓட்டம் நசுங்கும், மரத்துப் போகும். ஆகவே கடையில் சொகுசாக இருப்பதுதான் ரோட்டில் பெரும்பாலும் முதலில் காலை வாரும். இது அந்தக் கடையில் நின்ற ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அமுக்கினால் இனிக்கிற மாதிரி இருப்பதுதான் விற்கிறது.

சரி, என் எடை என்ன, இடுப்பு அகலம் என்ன, கால் தரைக்கு எட்டுமா, முன்னால் எவ்வளவு குறுக வேண்டும், பின்னால் எவ்வளவு விரிய வேண்டும், ஒன்றாவது கேட்டாரா? கேட்டதெல்லாம் தையலைப் பற்றி. டைமண்ட் தையலா, குறுக்குக் கோடா, தேன்கூடா? நூல் சிவப்பா, வெள்ளையா, ஆரஞ்சா? ஓரத்தில் பைப்பிங் வேண்டுமா? பின்னால் பெயர் எம்ப்ராய்டரி போடலாமா, குழந்தை பெயர் போடலாமா, புலி போடலாமா? கல்யாண ஆல்பம் அளவுக்கு ஒரு ஃபைல். சத்தியமாகச் சொல்கிறேன், உடம்புக்கு ஒதுக்கிய நேரம் ஒரு ஸ்டூல் நிமிஷம், நூல் கலருக்கு ஒரு மணி நேரம். “ரெட் நூல் போட்டா வண்டி லுக்கே மாறிடும் சார்.” நான் உட்கார்ந்த பிறகு நூலை யார் பார்க்கப் போகிறார்கள்?

அப்புறம் ஒரு பையன் பழைய சீட்டை வாங்கி, ஸ்டேப்ளர் பின்களை ஸ்க்ரூட்ரைவரால் நெம்பி நெம்பிப் பிடுங்கி, ரெக்சினை உரித்துப் போட்டுவிட்டு, ஹேக்ஸா பிளேடால் ஃபோமை அறுக்க ஆரம்பித்தான். அளவுகோல் கிடையாது. கண்தான். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், சாய்த்துப் பார்த்து மறுபடியும் இந்தப் பக்கம் கொஞ்சம். மேலே புது ஷீட்டை சொல்யூஷன் தடவி ஒட்டினான், அந்த ஒட்டு காய்ந்து தொடைக்குக் கீழே ஒரு கோடாக இன்னும் உறுத்துகிறது. ஒரு இஞ்ச் உயர்த்தியதில் சிக்னலில் என் குதிகால் தரையை விட்டுப் போனது, இப்போது பரத நாட்டியம் போல நுனிக்காலில் நிற்கிறேன். மூலையில் ரெக்சின் சுருங்கியிருந்ததைக் காட்டினால், “வெயில்ல ஓட்டுங்க சார், தானா இழுத்துக்கும்.” இந்தக் கடையில் எல்லாமே தானாக நடக்கும், பணம் ஒன்றைத் தவிர.

எல்லாவற்றையும் விட, சரிவு. முன்பக்கமாக லேசாகச் சரிகிறது, பார்வைக்கே தெரியாது. ஒவ்வொரு பிரேக்குக்கும் வழுக்கிப் போய் டேங்க்கில் மோதி நிற்கிறேன், மோதுவது எது என்று எழுத மாட்டேன், இந்தப் பதிவைப் பெரியவர்களும் படிக்கலாம்.

மதுரையில் கிளம்பி மேலூர் தாண்டும்வரை நான்தான் ராஜா. துவரங்குறிச்சியில் இடது பக்கம் மெதுவாக மணி அடித்தது, நகர்ந்து உட்கார்ந்தேன். விராலிமலையில் முருகா என்றேன். திருச்சி தாண்டிச் சமயபுரம் வரும்போது ஆத்தா என்றேன். பெரம்பலூரிலிருந்து ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று ஓட்டினேன், ஒரு அரசு பஸ் டிரைவர் இரண்டு கிலோமீட்டர் என் கூடவே வந்து வேடிக்கை பார்த்தார். பைக்குக்கு டோல் இல்லை என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம், பூத்துக்கு முன்னால் வரிவரியாக மேடு போட்டு வைத்திருக்கிறார்கள், நம்மிடம் கட்டணத்தை அங்கே வசூலித்துவிடுகிறார்கள். உளுந்தூர்பேட்டை டீக்கடையில் “உக்காருங்க சார்” என்று பாசமாக பெஞ்சைத் துடைத்துவிட்டார் மாஸ்டர், நான் நின்றபடியே குடித்ததில் அவருக்கு மனவருத்தம். மேல்மருவத்தூர் வந்தபோது கூப்பிடத் தெம்பில்லை, அம்மனாகப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

திண்டிவனத்தில் மழை வேறு பிடித்திருந்தது. டைமண்ட் தையல் என்றால் என்ன தெரியுமா? ரெக்சினில் நூற்றுக்கணக்கான ஊசி ஓட்டை. மழை அத்தனை ஓட்டையிலும் அழகாக உள்ளே இறங்குகிறது, வெளியே வரத்தான் அதற்கு வழி தெரியவில்லை. மறுநாள் காலை பேன்ட் நனைந்தது, மாலையும் நனைந்தது. இன்றைக்கும் அமுக்கினால் தையலோரமாகத் தண்ணீர் முத்து முத்தாக வருகிறது. கட்டை விரலுக்குக் கடைசியில் ஒரு உருப்படியான வேலை கிடைத்துவிட்டது.

என் மனைவி புத்திசாலி. கடையிலிருந்து வந்த அன்றே பின்சீட்டில் உட்கார்ந்து தெருமுனை வரை வந்து பார்த்தாள். பின்பக்கம் ஃபோமை வழித்து எடுத்திருந்தார்கள், “அப்பத்தான் சார் ஸ்டைலா இருக்கும்.” இறங்கி, ஒரு வார்த்தை திட்டாமல், “ஏங்க, மதுரையிலேருந்து திரும்பும்போது நீங்க வண்டில வாங்க, நான் வைகை எக்ஸ்பிரஸ்ல வந்துடுறேன்” என்றாள். வந்தும்விட்டாள். மதியமே எழும்பூரில் இறங்கி, வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நான் கவுட்டை விரித்து நடந்து வருவதைக் கதவருகே நின்று ரசிக்க அவளுக்கு நேரம் இருந்தது.

இனி அறிவுரைப் படலம். “ப்ரோ, ஜெல் பேட் போடுங்க.” வெயிலில் நிறுத்திவிட்டு வந்து அதன்மேல் உட்கார்ந்து பார் ப்ரோ, உன் தலைமுறைக்கே ஜெல் பேர் சொல்லும்படி ஆகிவிடும். “மச்சி, ஏர் சீட் வாங்கு.” அது உண்மையிலேயே நல்ல சங்கதி, காற்றை அளவாக, அடித்தளத்தைத் தொடாமல் மிதக்கும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டால். ஆனால் இங்கே அதை வைத்திருக்கும் ஒவ்வொருவனும் திம்மென்று ஊதி வைத்துக்கொண்டு வளைவில் பக்கவாட்டில் ஆடுகிறான். “கொசுவலை மாதிரி ஒரு கவர் இருக்கே, அதைப் போடு.” காற்று வரும், வலியும் காற்றோட்டமாக இருக்கும். அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்று ஒரு சங்கம், 24 மணி நேரத்துக்குள் 1000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் ஓட்டினால் சான்றிதழ் தருவார்கள். அந்தக் கூட்டத்தில் பல பேர் மரமணி விரிப்பும் ஆட்டுத்தோலும் போட்டுக்கொண்டு ஓட்டுகிற ஆட்கள். நம் பழைய அம்பாசிடர் டாக்ஸிக்காரர்கள் போட்டிருந்த அதே மணிதான். இதைக் கடையில் சொன்னேன். “மணி போட்டா லுக்கு போயிடும் சார்.” லுக்கு!

சரி, இன்றைய ஃபோன். பொறுமையாகத்தான் பேசினேன், வேண்டுமானால் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

“வலிக்குதுண்ணா.”

“எங்க சார் வலிக்குது?”

விளக்கினேன். வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள், இருந்தும் விளக்கினேன்.

“நீங்க உக்கார்ற பொசிஷன் தப்பு சார்.”

“உட்கார்வதில் என்னண்ணா பொசிஷன், உட்கார்வதே பொசிஷன்தானே?”

ஒரு இடைவெளி. பின்னால் ஸ்டேப்ளர் டக் டக் என்று யார் தலையிலோ இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. “சார், உங்க வெயிட் எவ்ளோ?”

முழுப் பணமும் வாங்கி, தைத்து, மாட்டி, நான் மதுரை போய்த் திரும்பி வந்து, படுக்கையில் விழுந்த பிறகு கேட்கிறார். 82 என்றேன். “அட, மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்!” என்றார் மனதார வருத்தப்பட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் வலிக்கிறது. ரீபாண்டட் ஃபோமில் வேறு போட்டுத் தரலாமாம், கூலி மட்டும் தனியாம், நூல் இந்தத் தடவை ஆரஞ்சு போடலாமாம். அதற்கு நான் ஏதோ சொன்னதற்குத்தான் மேலே எழுதிய அந்த உடம்பு செட்டாகும் வேதவாக்கு.

விடுங்கள், இதைவிட இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. விழுப்புரம் சிக்னலில் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, கண்ணில் தண்ணீர் நிற்க, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் வந்து நின்று, வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “எவ்ளோ கொடுக்குது சார்?” பெட்ரோல் பங்கில் கேட்கிறார்கள், டீக்கடையில் கேட்கிறார்கள், ஒரு சாவு வீட்டு வாசலில்கூட ஒருவர் கேட்டார். 35 என்று சொன்னால் உச்சுக்கொட்டி, “அவ்ளோதானா? நம்ம வண்டி அறுபது கொடுக்குதே” என்று அனுதாபப்பட்டுவிட்டு, பச்சை விழுந்ததும் போய்விடுகிறார்கள். யோவ், லிட்டருக்கு எவ்வளவு கொடுத்தால் உனக்கென்ன, நீயா பெட்ரோல் போடப் போறே?