ஸ்லாட்டில் பொருந்தினால் மட்டும் போதாது
‘மதர்போர்டு டிடிஆர்3 என்றால் எந்த டிடிஆர்3 ராமும் வேலை செய்யும், ஸ்லாட்டில் உட்கார்ந்தால் போதும்’ என்று கணினியின் நினைவகமான ராமை மாற்றுவது பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. டிடிஆர்2, டிடிஆர்3 என்பவை ராமின் அடுத்தடுத்த தலைமுறைகள். ராமின் அடியில் இருக்கும் வெட்டு, டிடிஆர்2-ஐ டிடிஆர்3 ஸ்லாட்டில் செருகவிடாமல் தடுக்கும். அதற்கு மேல் எதற்கும் அது உத்தரவாதம் இல்லை. பழைய கணினிகளில் பலரும் கவனிக்காமல் விடுவது ராமில் உள்ள ஒவ்வொரு சிப்பின் கொள்ளளவைத்தான். 8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி; ஆகவே 4 ஜிபி ராமில் 2 ஜிகாபிட் சிப்கள் 16 இருக்கலாம், அல்லது 4 ஜிகாபிட் சிப்கள் 8 இருக்கலாம். மதர்போர்டில் பாகங்களை இணைத்து இயக்கும் சிப்செட்டுகளில் இன்டெல் ஜி41 போன்றவை ஒரு சிப்புக்கு 2 ஜிகாபிட் வரைதான் ஏற்கும். உறவினர் ஒருவரின் பழைய கணினியில், ஒரு பக்கம் மட்டும் சிப்கள் உள்ள, அதாவது 4 ஜிகாபிட் சிப்கள் 8 கொண்ட, புது 4 ஜிபி ராமைப் போட்டதும் திரை இருண்டே கிடந்தது; பீப் ஒலி மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. அதே ராம் சற்றுப் புதிய கணினியில் ஒழுங்காக ஓடியது. இரு பக்கமும் எட்டெட்டுச் சிப்கள் கொண்ட ராமை மாட்டிய பிறகுதான் பழையது முரண்டு பிடிக்காமல் இயங்கியது. கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு அது உதவாது. அந்தக் காலத்து இன்டெல் கணினிகளில் நினைவகத்தைக் கையாளும் பகுதி சிப்செட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதன் வரம்பை மென்பொருளால் நீட்ட முடியாது. மடிக்கணினி என்றால் மின்னழுத்தமும் முக்கியம்: குறைந்த மின்னழுத்த வகையான 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்கும் இயந்திரத்தில் 1.5 வோல்ட் ராம் பெரும்பாலும் இயங்காது. கட்டுரையாளர் அந்த வரியைத் தயவுசெய்து திருத்த வேண்டும். அதை நம்பிப் பணம் கொடுத்து ராம் வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.