உப்பில்லாத ரொட்டியும் ஒரு குப்பைத் தொட்டியும்

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எப்படியும் நாற்பது பேர் அதை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். சிலர் சிரிப்புப் பொம்மையுடன், இரண்டு பேர் "அக்கா, இதற்கு என்ன சொல்கிறீர்கள்" என்று கொளுத்திப் போடும் ஆசையுடன். இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துக் குப்பைத் தொட்டி ஒன்று, அதற்குள் முழுதாக ஒரு ரொட்டி, மேலே "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தலைப்பு. கீழே, ரொட்டிக்கு உப்புப் போடத் தெரியாதவர்களா உலகத்துக்குக் கலை கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு கேள்வி. கடைசியில் தீர்ப்பு: புளோரன்ஸுக்கு மூன்று மணி நேரம் தாராளம்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவரைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒருவரை மட்டும் பெரிய மனிதராக்க எனக்கு விருப்பமில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் சோறு வடிக்கும்போது உப்புப் போடுகிறீர்களா? என் வீட்டில் போடுவதில்லை. என் அம்மாவும் போட்டதில்லை. குழம்பில் உப்பு இருக்கிறது, பொரியலில் இருக்கிறது, ஊறுகாயில் வேண்டிய மட்டும் இருக்கிறது. சோறு சும்மா இருந்தால்தான் அது எல்லாவற்றையும் தாங்கும். இப்போது ஓர் இத்தாலியர் நம் ஊருக்கு வந்து, இலையில் விழுந்த வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்துப் போட்டுவிட்டு, குழம்பு வருவதற்குள் எழுந்து போய், "தமிழர்களுக்குச் சமைக்கத் தெரியாது" என்று படத்துடன் எழுதினால் நாம் என்ன செய்வோம்? அவருடைய ஏழு தலைமுறையையும் பின்னூட்டத்தில் இழுத்திருப்போம்.

புளோரன்ஸ் இருக்கும் தஸ்கனி வட்டாரத்தில் உப்பே போடாமல் சுடும் ரொட்டி அந்தச் சோறுதான். அதைத் தனியாகத் தின்னக் கூடாது. இந்தப் பதிவு முழுக்க இதையே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊரில் எதையும் தனியாகத் தின்னக் கூடாது.

நான் பிறக்கும்போதே இதைத் தெரிந்துகொண்டு வந்தவள் இல்லை. போன வருடம் நானும் தங்கையும் ஆறு நாள் அங்கே இருந்தோம். முதல் நாள் மதியம், சாந்த் அம்ப்ரோஜோ சந்தைக்குப் பக்கத்தில் நான்கு மேசை போட்ட ஒரு கடை. ரொட்டியைக் கடித்தேன். பஞ்சு. முகத்தைச் சுளித்துக்கொண்டு, கையால் உப்புத் தூவுவது போல ஜாடை காட்டினேன். கடைக்கார அம்மாள், எப்படியும் எழுபது வயது இருக்கும், என்னைப் பார்த்த பார்வையில் எந்தக் கோபமும் இல்லை; பாவம் இந்தப் பெண் என்ற இரக்கம்தான் இருந்தது. ரொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். தணலில் இரு பக்கமும் வாட்டினார். தோலுரித்த ஒரு பூண்டுப் பல்லை எடுத்து அந்தச் சொரசொரப்பின் மேல் தேய்த்தார். தேங்காய் துருவுவது போல, பூண்டு கரைந்து விரல்நுனி அளவுக்கு வந்துவிட்டது. அதன் மேல் பச்சை நிறத்தில் ஆலிவ் எண்ணெய், ரொட்டி நனைந்து தட்டில் வழியும் அளவுக்கு. கடைசியில், மூன்று விரலால் கல்லுப்பு. என் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் அதைப் போட்டார். ஃபெத்துந்தா என்று பெயர். எண்ணெய்த் துண்டு என்று அர்த்தமாம். நான் மூன்று துண்டு தின்றேன். தங்கை நான்கு.

அதற்குப் பிறகு வந்த பன்றித்தொடைக் கறியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் கடுமையான உப்பு. அப்போதுதான் புரிந்தது. ரொட்டியிலும் உப்பு இருந்திருந்தால் இரண்டையும் சேர்த்து வாயில் வைக்க முடியாது.

ஏன் உப்பில்லை என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பீசா நகரத்துக்காரர்கள் சண்டையில் உப்பு வரும் வழியை அடைத்துவிட்டார்கள், வீம்புக்கு இவர்கள் உப்பில்லாமலே சுட ஆரம்பித்தார்கள் என்பது ஒன்று. உப்பு வரி என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த ஊர்க் கவிஞர் தாந்தே விஷயம் உறுதி. 1302இல் அவரை அந்த ஊர் நாடு கடத்தியது. பிறர் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும் என்பதை நீ அறியப் போகிறாய் என்று அவருடைய காவியத்தில், சொர்க்கத்தில் இருக்கும் முப்பாட்டன் அவரிடமே சொல்கிறான். 1321இல் ராவென்னாவில் இறந்தார். சாந்தா குரோச்சே தேவாலயத்தில் அவருக்காகக் கட்டிய கல்லறை இன்றும் காலிதான். ஊரை நினைத்து ஏங்கிய மனிதனுக்கு நினைவுக்கு வந்தது இந்த உப்பில்லாத ரொட்டி. அதைத்தான் நம் நண்பர் தொட்டியில் போட்டுப் படம் எடுத்திருக்கிறார்.

"அங்கே சைவர்களுக்குச் சாப்பிட ஒன்றுமே கிடைக்காது" என்று எழுதியவர்களுக்கு: என் தங்கை முட்டை கூடத் தொடாதவள். ஆறு நாளும் வயிறு நிறையத்தான் சாப்பிட்டாள். மீந்து காய்ந்த ரொட்டியைக் கறுப்புக் கீரையும் வெள்ளை பீன்ஸும் போட்டு மறுபடி கொதிக்க வைத்தால் ரிபொல்லிதா. தக்காளியில் குழைத்தால் பாப்பா அல் பொமொதோரோ (பாப்பா என்றால் குழையல், தங்கை ஒவ்வொரு முறையும் சிரித்தாள்). கோடையில் ஊறவைத்துப் பிழிந்து வெங்காயம், வெள்ளரி, இத்தாலியத் துளசி (பேசில்) சேர்த்தால் பான்சனெல்லா. மூன்றும் பழைய ரொட்டி. வீணாக்கக் கூடாது என்று நினைத்தவர்களின் சமையல். நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும் வீட்டில் பிறந்தவருக்கு இது புரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

சந்தை வண்டியில் விற்கும் லம்ப்ரெதோத்தோ பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. மாட்டின் நான்காவது இரைப்பை, குழம்பில் வேகவைத்து, ரொட்டியின் மேல்பாதியை அதே குழம்பில் முக்கித் தருவார்கள். நான் சாப்பிட்டேன். தங்கை தெருவின் மறுகோடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆனால் ஒரு வார்த்தை கேவலமாகச் சொல்லவில்லை. அதுதான் வித்தியாசம்.

சரி, ஒயினுக்கு வருகிறேன். எல்லோரும் அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்.

அவருடைய பதிவில் நான் நாகரிகமாகத்தான் பின்னூட்டம் போட்டேன். ரொட்டியைப் பற்றி நான்கு வரி. பதிலுக்கு அவர் என் பக்கத்தில் தேடிப் போய், ஒயின் சன்னல் முன்னால் நான் கிண்ணத்துடன் நிற்கும் படத்தை எடுத்துப் போட்டு, "இவர் கலையைப் பார்க்கப் போனாரா, குடிக்கப் போனாரா" என்று கேட்டார். அதற்கு எத்தனை சிரிப்பு என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியிருக்கக் கூடாது. அந்தப் படம் அன்று இரவே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. "வயதுக்கு ஏற்றபடி நடந்துகொண்டால் எல்லோருக்கும் நல்லது அம்மா" என்று சித்தப்பா எழுதினார். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. என் சம்பளத்தில் சேர்த்து, என் லீவில் போனேன்.

அந்தச் சன்னல் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பழைய மாளிகைகளின் சுவரில், இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு குடுவை நுழையும் அளவுக்கு வளைவான சிறு துளை. மேலே சின்னக் கோயில் விமானம் போலக் கல்வேலைப்பாடு. சாமி மாடம் என்றே முதலில் நினைத்தேன். பிரபுக் குடும்பங்கள் தங்கள் தோட்டத்து ஒயினை இடைத்தரகர் இல்லாமல் தெருவில் போகிறவர்களுக்கு நேராக விற்ற வழி அது. நகரத்தில் 150க்கும் மேல் இருக்கின்றன. 1630களில் கொள்ளைநோய் வந்தபோது, காசை ஓர் உலோகத் தகட்டில் வாங்கி, வினிகரில் நனைத்த பிறகே தொட்டார்கள் என்று அக்காலத்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 2020இல் நோய் வந்தபோது சில சன்னல்களை மறுபடி திறந்தார்கள். அடைத்துப் பூசிய சன்னல்கள்தான் இன்றும் அதிகம். நான் நின்றது திறந்த ஒன்றின் முன்னால். உள்ளே இருந்து ஒரு கை மட்டும் வந்தது, முகம் தெரியவில்லை. ஒரு கிண்ணம் கியான்டி, அந்த வட்டாரத்துச் சிவப்பு ஒயின். கியான்டி எந்த எல்லைக்குள் விளைய வேண்டும் என்று 1716இலேயே தஸ்கனியை ஆண்ட கோமகன் ஆணை போட்டிருக்கிறார். ஒரு கிண்ணம். ஒன்று. அதையும் முக்கால்வாசிதான் குடித்தேன், ஏனென்றால்... ஏன் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கிறேன்?

"கலையைப் பார்க்கப் போனாரா, குடிக்கப் போனாரா." இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் அந்த ஊரில் எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். புளோரன்ஸ் அதன் மிகச் சிறந்த சுவரோவியங்கள் சிலவற்றை எங்கே வரைந்து வைத்திருக்கிறது தெரியுமா? சாப்பாட்டு அறையில். மடத்துத் துறவிகள் உட்கார்ந்து உண்ணும் கூடத்தின் சுவரில், இயேசுவின் கடைசி இராவுணவு. இவர்கள் இந்தப் பக்கம் ரொட்டியைப் பிய்க்க, சுவரில் அவர்கள் அந்தப் பக்கம் ரொட்டியைப் பிய்ப்பார்கள். சாந்தா அப்போலோனியா மடத்தில் கஸ்தாஞ்ஞோ என்ற ஓவியர் 1447இல் வரைந்தது இருக்கிறது. நாங்கள் போனபோது டிக்கெட்டும் இல்லை, எங்களைத் தவிர ஆளும் இல்லை. ஓஞ்ஞிசாந்தி மடத்தில் கிர்லாந்தாயோ என்பவர் 1480இல் வரைந்ததில், வெள்ளை மேசைவிரிப்பின் மேல் செர்ரிப் பழங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. யாருடைய கையோ இப்போதுதான் பட்டு உருட்டிவிட்டது போல.

மைக்கேலாஞ்சலோ 1518இல் ஒரு கடிதத்தின் பின்பக்கம் சாப்பாட்டுப் பட்டியல் எழுதியிருக்கிறார். ரொட்டி, மத்தி போன்ற ஒரு மீன், பெருஞ்சீரகக் கிழங்குச் சூப், ஒரு குடுவை ஒயின். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படம். எழுதப் படிக்கத் தெரியாத வேலையாளுக்காக வரைந்திருப்பார் என்கிறார்கள். பொந்தோர்மோ என்ற ஓவியர் இன்னும் ஒரு படி மேல். சான் லொரென்சோ தேவாலயத்தில் பெரிய சுவரோவியம் வரைந்த கடைசிக் காலத்தில் குறிப்பேடு வைத்திருந்தார்: இன்று ஒரு கை வரைந்தேன், இரவு இத்தனை அவுன்ஸ் ரொட்டி, முட்டை, கீரை. அந்த ஓவியம் 18ஆம் நூற்றாண்டில் அழிந்துவிட்டது. என்ன சாப்பிட்டார் என்பது மிஞ்சியிருக்கிறது.

இதற்குப் பிறகும் கலை வேறு, தட்டு வேறு என்கிறீர்களா?

அத்தனை நாள் தங்கப் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டவர்களுடன் எனக்குச் சண்டையே இல்லை. கூட்டச் சுற்றுலாவில் பஸ் நிற்கும் நேரம்தான் நமக்குக் கிடைக்கும் நேரம். மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம். சதுக்கத்தில் நின்று பேராலயத்தின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாலும் அது குறைவில்லை. ஆனால் பார்க்காத மீதிக்கு மதிப்பெண் போடாதீர்கள். தவிர, அதே மூன்று மணி நேரத்தில் தோல் ஜாக்கெட் வாங்க ஒன்றரை மணி நேரம் பேரம் பேசியதாக அவரே எழுதியிருக்கிறார். அதை யாரும் கேட்கவில்லை.

அங்கே எல்லோரும் தேவர்கள் என்று நான் சொன்னேனா? இல்லவே இல்லை. பெரிய சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் விலை கேட்காமல் வாங்கி நானும் தங்கையும் ஏமாந்தோம். அந்தக் காசில் ஒரு மதியச் சாப்பாடே முடிந்திருக்கும். உஃபிசி அருங்காட்சியகத்தில் கூட்டம் தள்ளிய தள்ளலில் போத்திச்செல்லியின் ஓவியங்களை ஒழுங்காகப் பார்த்தது போலவே இல்லை. உட்கார்ந்ததற்கே தலைக்கு இவ்வளவு என்று பில்லில் சேர்க்கும் வழக்கம் எனக்கு இன்றும் ஒப்பவில்லை. ஆனால் அதற்காக ரொட்டியைத் தூக்கித் தொட்டியில் போடவில்லை.

"இத்தாலிக்கு எதற்கு இவ்வளவு வக்காலத்து, உங்களுக்கு அங்கே சொத்து இருக்கிறதா" என்று ஒருவர். இருக்கிறது ஐயா. சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்து அருங்காட்சியகத்தில் 7 மீட்டர் அகலத்துக்கு ஒன்று இருக்கிறது. பிளவுதில்லா நெல்லி என்ற கன்னியாஸ்திரி, 16ஆம் நூற்றாண்டில், தன் மடத்துப் பெண்கள் சாப்பிடும் கூடத்துக்காக வரைந்த இராவுணவு. யாரிடமும் முறையாகக் கற்க வழியில்லாத பெண். நான்கு வருடம் சீரமைத்து 2019இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். மற்ற ஓவியர்களின் மேசையில் பெரும்பாலும் ரொட்டியும் ஒயினும்தான். இவள் மேசையில் வறுத்த ஆட்டுக்குட்டி, கீரை, மொச்சை, நல்ல கிண்ணங்கள், ஒயின். பரிமாறித் தெரிந்தவள் வரைந்த மேசை. மூலையில் கையெழுத்துடன், ஓவியக்காரிக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று இலத்தீனில் எழுதியிருக்கிறாள். 'ஓவியக்காரி' என்று பெண்பாலில்.

அதன் முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தங்கையைக் கேளுங்கள். அன்று மாலைதான் அந்த ஒயின் சன்னல். அந்தப் படத்தில் என் முகத்தில் இருப்பது அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்த சந்தோஷம். அதைக் 'குடி' என்று படித்தீர்கள்.

சித்தப்பா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நம் வீட்டுக் கல்யாணங்களில் ஆண்கள் எல்லோரும் எட்டு மணிக்கு மேல் மாடிக்கு எதற்குப் போகிறீர்கள் என்று எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். கீழே இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்தான். ஒரு நாளும் வயதைப் பற்றிப் பேசியதில்லை.

நேற்று இரவு தூக்கம் வராமல் அந்தக் குப்பைத் தொட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அற்பத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ரொட்டிக்கு இடது பக்கம், கசக்கிய காகிதத்துக்கு அடியில், சுற்றுலா நடத்தியவர்கள் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டியின் மூடி தெரிகிறது. அதில் ஒட்டியபடி இரண்டு சின்னப் பொட்டலங்கள். ஒன்று ஆலிவ் எண்ணெய். இன்னொன்று உப்பு. இரண்டையும் அவர் பிரிக்கவே இல்லை.

அந்த இடத்தில் வட்டம் போட்டு, படத்தை முதல் பின்னூட்டத்தில் வைத்திருக்கிறேன்.