மூடி பேசிய கதைக்குத் தீர்ப்பு எதற்கு?

காரைக்குடிப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில் யார் வாய் திறந்தாலும் கடைசியில் நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகமும், குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த பட்டிமன்றங்களும் வளர்த்த காதுகள் எங்களுடையவை. கைகேயி குற்றவாளியா இல்லையா என்று தெரியாமல் வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. இதில் எனக்குப் பெருமைதான். ஆனால் போன சனிக்கிழமை மாலை கானாடுகாத்தானில் இதே பழக்கம் ஓர் அருமையான கதையைக் கெடுக்கப் பார்த்தது.

பழைய வீடொன்றின் வளவில், அதாவது உள்முற்றத்தில், கதை சொல்ல ஒரே ஒரு பெண், கையில் ஒரே ஒரு மங்குக் கேரியர் (எனாமல் பூசிய அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம்). மைக் கிடையாது, இசை கிடையாது. கிண்ணங்களைப் பிரித்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வரிசையாக வைத்தார். அடிக் கிண்ணம், ஊரிலேயே உட்கார்ந்திருக்கும் முதலாளி. மற்றவை பர்மாவில் அவருடைய ரங்கூன் வட்டிக்கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் உள்ள அடுத்தாள், எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையன். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டினால் வரும் ஓசையே அவரவர் குரல்! பெட்டியடிப் பையன் தூக்கத்தில் வெள்ளைப் பணியாரத்துக்கு வட்டி போட்டுக் கணக்குப் பார்க்கும் இடத்தில் நண்பர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்றாண்டு வேலைத் தவணை முடிந்து மேலாள் ஊர் திரும்புகிறார். வாசலில் நிற்பவரைப் பார்த்த மகன், "ஆத்தா, யாரோ வந்திருக்கிறார்" என்று உள்ளே ஓடுகிறான். அப்போதும் சிரித்தோம், கொஞ்சம் குறைவாக.

நடுவில் சற்று இழுவை இருந்தது. கப்பல் பயணத்தைப் பாதியாக வெட்டியிருக்கலாம்.

எல்லோரும் மறந்துபோயிருந்த மூடியைக் கடைசியில்தான் கையில் எடுத்தார். அது ஐராவதிச் சமவெளியில் நெல் விளைவிக்கும் பர்மிய உழவன். நெல் விலை சரிகிறது, கடன் நிற்கிறது, நிலம் போகிறது. அவன் புள்ளிவிவரம் பேசவில்லை, நான் சொல்கிறேன். 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் வட்டிக்கடை நடத்திய எங்கள் செட்டியார்கள் கையில் இருந்த விளைநிலம் ஏறத்தாழ 6 சதவீதம். 1930-களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் அடைபடாத கடன்களுக்கு ஈடாக நிலங்கள் வந்து சேர்ந்ததில், 1938-இல் அது 25 சதவீதம். பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நான், ஏனென்று தெரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எங்கள் வீடுகளில் பர்மாக் கதை எப்போதும் 1941 டிசம்பரில், ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட நாளில்தான் தொடங்கும். விட்டுவிட்டு வந்த சொத்து, அரக்கான் மலைவழி நடை, வழியிலேயே செத்தவர்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அதற்கு முந்தைய பத்து வருடத்தை மட்டும் எந்த ஐயாவும் எந்த அப்பத்தாவும் எனக்குச் சொன்னதில்லை.

உழவன் பேசி முடித்ததும் மூடியைத் தரையில் சுழலவிட்டுவிட்டு அந்தப் பெண் இரண்டாங்கட்டுக்குள் போய்விட்டார். அவ்வளவுதான் கதை.

உடனே தொடங்கிவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பர், "முடிவாக என்னதான் சொல்கிறார்? நாம் நல்லவர்களா, கெட்டவர்களா?" என்றார். இன்னொருவருக்கு முகம் சிவந்துவிட்டது: "நம்மவர்கள் கடன் கொடுத்ததால்தானே அங்கே காடு கழனியானது? அதையும் சொல்ல வேண்டாமா?" சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அந்தக் கதை வழக்காட வரவில்லையே! தீர்ப்பு வந்திருந்தால் பாதிப்பேர் கைதட்டி, மீதிப்பேர் முணுமுணுத்து, கார் ஏறுவதற்குள் எல்லோரும் மறந்திருப்போம். தீர்ப்பு வராததால்தான் அந்த ஆசிரியர் மறுநாள் காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, தன் ஐயாவின் பழைய கணக்கேடுகள் பரணில் கிடப்பதாகவும் எடுத்துப் பார்க்கப் போவதாகவும் சொன்னார்.

இதற்கிடையில் சிறப்பு விருந்தினர் ஒருவர் அந்தப் பெண்ணை மறுபடி வளவுக்கு அழைத்துவந்து, பொன்னாடை போர்த்தி, கதையின் உட்கருத்தை விளக்கினார். கடன் அன்பை முறிக்கும் என்பதாம். பாவம், அந்தப் பெண் பொன்னாடைக்குள் நெளிந்துகொண்டு நின்றார்.

அடுத்து தேவகோட்டையில் நடத்தப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் கட்டாயம் இருக்கட்டும். பொன்னாடையோடு யாராவது வந்தால் முகப்பிலேயே உட்காரவைத்து, காப்பி கொடுத்து, நல்லபடியாக அனுப்பிவிடுங்கள்.