கிணறு வெட்டியவள் பெயர் எங்கே?

எங்கள் பங்காளிகள் சேர்ந்து வம்சாவளிப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வழவழப்பான தாள், கலர் அட்டை, 72 பக்கம், 7 தலைமுறை. அதில் ஒரு பெண் பெயர் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. பந்தியில் உட்கார்ந்துதான் புரட்டினேன். சாப்பாடு இறங்கவில்லை.

என் தம்பி பெயர் இருக்கிறது. அவனுடைய 3 வயது மகன் பெயர் இருக்கிறது. நான் இல்லை. சரி, என்னை விடுங்கள். எனக்குப் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, நாளைக்கு யாராவது தேடினால் அகப்பட்டுவிடுவேன். என் வயிற்றெரிச்சல் முழுக்க எங்கள் எள்ளுப்பாட்டிக்காக. அப்பாவின் தாத்தாவைப் பெற்றவள்.

அவளைப் பற்றி எங்களிடம் இருப்பதெல்லாம் வாய்வழியாக வந்த நாலு வரிதான். தாது வருஷப் பஞ்சத்தில் புருஷன் செத்துப்போனான். பெரியவனுக்கு 4 வயது, சின்னவன் கைக்குழந்தை. ஊரில் பாதிப் பேர் காலி செய்துகொண்டு போன சமயத்தில் இவள் மட்டும் போகவில்லை. கழுத்திலும் காதிலும் கிடந்ததை விற்று, அந்த மேட்டுப் புஞ்சையில் கிணறு வெட்டினாள். ஆள் கிடைக்காத நாளில், மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையைத் தானே ஓட்டினாள். அந்த இரண்டு பையன்களிலிருந்து கிளைத்தவர்கள்தான் இன்றைக்குப் புத்தகம் போட்டிருக்கிற அத்தனை பேரும்.

புத்தகத்தின் 9ஆம் பக்கத்தில் அந்தப் புருஷன் பெயரைப் போட்டு, அடியில் எழுதியிருக்கிறார்கள்: 'கிணறு வெட்டி, பூமி திருத்தி, வம்சத்தை நிலைநிறுத்தியவர்.' செத்துப்போன மனிதர் எப்படி ஐயா கிணறு வெட்டுவார்? 1876-லிருந்து 1878 வரைக்கும் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மடிந்தார்களே, அவர்களில் ஒருவர் அவர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் கை காய்த்துப்போக இழுத்த மண்ணை அவர் கணக்கில் எழுதினால் எப்படிப் பொறுப்பது?

அவள் பெயர் என்ன என்று 6 வருஷமாகத் தேடுகிறேன். வீட்டில் 'புதூராள்' என்றுதான் சொல்வார்கள். கட்டிக்கொண்டு வந்த மருமகளைப் பிறந்த ஊரை வைத்துக் கூப்பிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். பெயர் போனாலும் ஊராவது மிஞ்சியதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம் வரைபடத்தை விரித்தேன். சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் மட்டும் எத்தனை புதூர் தெரியுமா? ஒரு பழைய ஊருக்குப் பக்கத்தில் நாலு வீடு புதிதாக வந்தால் அது ஒரு புதூர். எந்தப் புதூரில் போய் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். சென்னை மாகாணத்தில் 1871-இல் எடுத்தார்கள், 1881-இல் எடுத்தார்கள், உண்மைதான். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதிய அந்தத் தாள்களைக் கூட்டல் முடிந்ததும் அழித்துவிட்டார்கள். நமக்குக் கிடைப்பது தாலுகாவுக்கு இத்தனை ஆண், இத்தனை பெண் என்கிற அட்டவணைதான். தாள் தப்பியிருந்தால் மட்டும் என்ன? வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்ல ஆண்கள் மறுத்தால் 'பெண்' என்று எழுதிக்கொண்டு போகலாம் என்றே கணக்கெடுப்பவர்களுக்கு விதி வைத்திருந்தார்கள். பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று இந்த மாகாணத்தில் தனிச் சட்டம் வந்தது 1899-இல். அதற்குள் அவளுக்கு ஐம்பது வயது நெருங்கியிருக்கும்.

கடைசியில் ஒரு பத்திரத்தில் அவளைக் கண்டுபிடித்தேன். எங்கள் குடும்பத்துப் பத்திரம்கூட இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர்கள் பரணில் கிடந்த பழைய கிரயப் பத்திரம், பசலி 1295, அதாவது 1885-86. புள்ளி வைக்காத எழுத்து, ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்கு இரண்டு ராத்திரி ஆயிற்று. விற்பவர் பெயர் இருக்கிறது, அவர் அப்பன் பெயர் இருக்கிறது, வாங்குபவர், சாட்சிகள், எழுதியவர் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. கீழே சக்குபந்தி, அதாவது நிலத்தின் நாலு பக்க எல்லை, சொல்லுமிடத்தில், எங்கள் எள்ளுத்தாத்தனின் பெயரைச் சொல்லி, 'காலஞ்சென்ற இன்னான் பெண்சாதி புஞ்சைக்கும் கிணற்றுக்கும் கிழக்கு' என்று ஒரு வரி.

அவ்வளவுதான். அடுத்தவன் நிலத்துக்கு எல்லைக்கல்லாக நிற்கிறாள் என் எள்ளுப்பாட்டி. புஞ்சை அவளுடையது என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. கிணறு இருந்திருக்கிறது. புருஷன் காலஞ்சென்றவன் என்றும் எழுதியிருக்கிறது. இத்தனையும் எழுதிய கைக்கு அவள் பெயரை எழுத வேண்டுமென்று தோன்றவில்லை. அந்த வரி மேல் விரலை வைத்துக்கொண்டு அழுதேன். கிடைத்ததற்கும் அழுகை வந்தது, கிடைக்காததற்கும் வந்தது.

இதைவிட நெஞ்சைப் பிசைவது இன்னொன்று. அதே காலத்தில் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிக்குப் போன பெண்களின் விவரம் இருக்கிறது. ட்ரூரோ என்ற முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள், பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெண்களுக்கும் தனி எண். பெயர், அப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் என்ன தழும்பு என்பது வரைக்கும் எழுதிவைத்தார்கள். அன்பினால் எழுதவில்லை. கரும்புத் தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்துக்கொண்டுவர அடையாளம் வேண்டுமே, அதற்காக எழுதினார்கள். கூலிகளைக் கண்காணித்தவனுக்குத் தேவைப்பட்ட பெயர், வீட்டு மனிதர்களுக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் இடது புருவத்துத் தழும்பைப் படித்தபோது, என் புதூராளுக்கு எங்கே தழும்பு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கவலை ஓட்டிய கயிறு உள்ளங்கையில் ஒன்றாவது போட்டிருக்கும்.

செல்லரித்தது, வெள்ளைக்காரன் அழித்துவிட்டான் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பெயரைக் காப்பாற்ற நம்மிடமே வழி இருந்தது. பேத்திக்குப் பாட்டி பெயர் வைப்போம். எங்கள் தாத்தாவின் தங்கைக்கு அவள் பெயரைத்தான் வைத்தார்களாம். ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாதே! பெற்ற தாய் தன் மகளைப் 'பாப்பா' என்றே கூப்பிட்டாள். தாய் கூப்பிட்டதைப் பார்த்து ஊரே பாப்பா என்றது. 70 வயதிலும் அவர் பாப்பாதான். ரேஷன் கார்டில் பாப்பா, வாக்காளர் பட்டியலில் பாப்பா. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் மடியில் படுத்துக் கதை கேட்டிருக்கிறேன். அந்தப் பெயர் அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. மரியாதை மரியாதை என்று சொல்லியே ஒரு பெயரைக் கொன்றிருக்கிறோம்.

தை மாதம் வீட்டுச்சாமியாகப் புதூராளுக்குப் படைக்கும்போது ஓலைப்பெட்டியில் ஒரு புதுச்சேலையை மடித்து வைத்து 'பெரியாத்தா, காப்பாத்து' என்று எல்லோரும் விழுந்து கும்பிடுகிறார்கள். புத்தகம் போட்டவர்களும் கும்பிடுகிறார்கள். சேலை கட்டிக்கொள்ள அவள் வேண்டும், பிள்ளைகளைக் காப்பாற்ற அவள் வேண்டும். 9ஆம் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன். அவர்தான் தொகுத்தவர், கெட்ட மனிதர் இல்லை, ஊர் ஊராக அலைந்திருக்கிறார். பத்திரத்தின் நகலைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார், தலையாட்டினார். "ஏம்மா, கட்டிக்குடுத்த பொண்ணு, கட்டிக்கிட்டு வந்த பொண்ணு எல்லாத்தையும் எழுதினா பொஸ்தகம் தாங்குமா? வம்சம்னா ஆம்பளப் பிள்ளைங்க வழிதானம்மா" என்றார்.

மகளுக்கும் மகனைப் போலப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் வந்தது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. நிலத்தில் பங்கு தரச் சட்டம் சொல்லிவிட்டது. ஒரு வரி மை தர நமக்கு இன்னும் மனசு வரவில்லை. வருஷத்துக்கு இத்தனை பாட்டிகள் போய்ச் சேருகிறார்கள், ஒவ்வொருவரோடும் நாலைந்து பெயர்கள் சேர்ந்து போகின்றன. நூறு வருஷம் கழித்து இன்னொருத்தி என்னை மாதிரி பரணில் தேடிக்கொண்டிருப்பாள்.

போன மாதம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, இருக்கிற அத்தைகளிடமும் சின்னம்மாக்களிடமும் கேட்டு 63 பெண்களின் பெயரையும் பிறந்த ஊரையும் எழுதி வாங்கினேன். முதல் வரி மட்டும் இப்படி இருக்கிறது: 'புதூராள். பெயர் தெரியவில்லை. கிணறு வெட்டியவள்.' இரண்டாம் பதிப்பு வரப்போகிறதென்று கேள்விப்பட்டு அந்தப் பட்டியலைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். "பக்கம் கூடிரும்மா" என்றார்.

கூடட்டும் பெரியப்பா. அச்சுக்கூலியை நான் தருகிறேன்.